கலை மாணவர்களுக்காக நிதி திரட்டும் மாலை: பெங்களூரில் அதை நடத்தும் முறை

பல்கலைக்கழகத்தின் நுண்கலைத் துறை மாணவர்களுக்கு உதவ ஒரு மாலை நிகழ்ச்சி நடத்தலாம் என்று நாலு பேர் கூடிப் பேசத் தொடங்கினால், பத்தாவது நிமிடத்தில் பேச்சு அரங்கத்துக்கும் சாப்பாட்டுக்கும் சிறப்பு விருந்தினருக்கும் போய்விடும். பெங்களூரில் நான்கு முறை இத்தகைய மாலையின் பொறுப்பை ஏற்றவன் என்ற முறையில் நான் கண்டது வேறு. பணத்தைத் திரட்டும் வேலை அந்த மாலைக்கு முன்பே முக்கால்வாசி முடிந்திருக்க வேண்டும். அப்படி முடிந்திருந்தால்தான் அந்த மாலை மாணவர்களுடையதாக இருக்கும். மேடையில் நின்று பணம் கேட்க வேண்டிய நிலை வந்துவிட்டால், கலைஞராக நிற்க வேண்டிய மாணவர் உதவி கேட்பவராக நிற்க நேரிடும். கீழே சொல்லும் ஏற்பாடுகள் எல்லாம் அந்த நிலை வராமல் காப்பதற்காகவே. இவற்றைச் செய்து முடிக்க ஆறு மாதம் வேண்டும். நான்கு மாதத்துக்குக் குறைவாக இருந்தால் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைப்பதே நல்லது.

முதலில் துறைக்குள் போய் உட்காருங்கள்

குழு அமைந்த முதல் வாரத்திலேயே துறைத்தலைவரின் அனுமதியோடு ஓவியம், சிற்பம், அச்சுக்கலை, இசை, நடனம், நாடகம் என எத்தனை பிரிவுகள் உள்ளனவோ அத்தனையிலும் ஆளுக்கு அரை நாள் செலவிடுங்கள். அலுவலகத்தில் தரும் கட்டண விவரம் பாதிக் கதையைத்தான் சொல்லும். ஓவியப் பிரிவில் இறுதியாண்டு மாணவி ஒருவரின் கேன்வாஸ்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தபோது, எல்லாமே காவியும் மஞ்சட்காவியும் கரும்பழுப்புமாக இருந்தன. மண் நிறங்களில் அவருக்கு அப்படியொரு ஈடுபாடு என்று எண்ணிப் பாராட்டிச் சொன்னேன். அவர் தம் வண்ணப் பெட்டியைத் திறந்து காட்டினார். காட்மியம் சிவப்புக் குழாய் ஒன்று அடியிலிருந்து கழுத்துவரை சுருட்டிப் பிழியப்பட்டுக் கிடந்தது. காட்மியமும் கோபால்ட்டும் சேர்ந்த வண்ணங்கள் மண் நிறங்களைக் காட்டிலும் பல மடங்கு விலை. எஞ்சியிருந்த அந்தத் துளியை அவர் தேர்வுக் கண்காட்சிக்கான கடைசிப் படத்துக்கு என்று ஒதுக்கி வைத்திருந்தார். ஒரு மாணவர் எந்த நிறத்தில் சிந்திக்கலாம் என்பதைக் கடை விலை முடிவுசெய்வதை அன்றுதான் கண்ணால் கண்டேன். கட்டண விவரப் பட்டியலில் இது ஒருபோதும் வராது.

இப்படி நேரில் கேட்டறிந்து ஒரு செலவுப் பட்டியல் எழுதுங்கள். வண்ணம், கேன்வாஸ், அச்சுத் தாள், தகடு, இறுதியாண்டுக் கண்காட்சிக்கான சட்டம் போடும் கூலி, இரவல் வீணைக்குப் பதில் சொந்த வீணை, மிருதங்கத்துக்குத் தோல் மாற்றும் செலவு, நடன உடை, சலங்கை, ஒத்திகை முடிந்து இரவில் வீடு திரும்பும் ஆட்டோச் செலவு வரை எல்லாம் அதில் வர வேண்டும். எதிரே தொகையை எழுதுங்கள். நன்கொடையாளரிடம் பேசும்போது உங்கள் கையில் இருக்க வேண்டியது இந்தப் பட்டியல்தான். “தாராளமாக உதவுங்கள்” என்ற வேண்டுகோளைக் கேட்டவர் மனத்தில் ஒரு தொகையும் தோன்றுவதில்லை. “ஒரு மாணவரின் ஓராண்டு வண்ணச் செலவு” என்று சொன்னால் அவர் உடனே கணக்குப் போடத் தொடங்குகிறார்.

இந்த ஆண்டுச் செலவுக்குப் பணம் திரட்டுகிறீர்களா, அல்லது நிலைநிதி ஒன்றை உருவாக்கி அதன் வட்டியில் ஆண்டுதோறும் உதவித்தொகை கொடுக்கப்போகிறீர்களா என்பதையும் இந்தக் கட்டத்திலேயே முடிவுசெய்யுங்கள். ₹10 லட்சத்தை 7 சதவீத வட்டியில் வைத்தால் ஆண்டுக்கு ₹70,000 கிடைக்கும். அது நாலைந்து மாணவர்களின் பொருட்செலவுக்குப் போதும், ஆனால் என்றைக்கும் வந்துகொண்டிருக்கும். முதல் முறை நடத்துபவர்களுக்கு நான் சொல்வது, திரட்டியதில் பெரும்பகுதியை அந்த ஆண்டே செலவிட்டு, பலனைக் காட்டி, நம்பிக்கை பெற்ற பிறகு நிலைநிதிக்குப் போகலாம் என்பதே. பெயர் நிலைத்திருக்க வேண்டும் என்று விரும்பும் குடும்பங்கள் இரண்டாம் ஆண்டில் தாமாகவே நிலைநிதி பற்றிக் கேட்பார்கள். கன்டோன்மென்ட் பகுதித் தமிழர்களுக்கு இது புதிதல்ல. ராய் பகதூர் ஆற்காடு நாராயணசாமி முதலியார் 1873-இல் தொடங்கிய கல்வி அறம் இன்றும் பெங்களூரில் பள்ளிகளை நடத்தி வருகிறது.

பணம் யார் கணக்கில் சேரும்

அழைப்பிதழ் அச்சாவதற்கு முன் தீர வேண்டிய கேள்வி இது. பல்கலைக்கழகத்தின் பொதுக் கணக்கில் சேர்ந்த பணம் வேறு தேவைக்குத் திரும்பிவிடக்கூடும். ஆகவே பதிவாளரிடமும் நிதி அலுவலரிடமும் பேசி, இந்தத் தொகை கலை மாணவர் உதவிக்கு மட்டுமே என்று தனித் தலைப்பில் கணக்கு வைக்கப்படும் என எழுத்தில் வாங்குங்கள். முன்னாள் மாணவர் சங்கமோ அறக்கட்டளையோ பணத்தைப் பெறுவதாக இருந்தால், அது மாணவரைச் சென்றடையும் வழியையும் தேர்வுக்குழுவில் யார் யார் என்பதையும் அதே கடிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். தனிநபரின் கணக்கில் ஒரு ரூபாய்கூட வரக்கூடாது. குழுச் செயலாளரின் யுபிஐ எண்ணுக்கு அவசரத்தில் அனுப்பச் சொல்வதும் இதில் அடங்கும்.

வரிச் சலுகை பற்றி வாக்குறுதி கொடுக்கும் முன் ஆடிட்டரைப் பாருங்கள். 80ஜி என்று நாம் பழகிய வருமான வரிச் சலுகை, பதிவுபெற்ற அமைப்புகளுக்குத் தரும் நன்கொடைக்கே பொருந்தும். ₹2,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது. புதிய வரி முறையில் இருக்கும் தனிநபர்களுக்கும் கிடையாது. 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டத்துக்கு 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்பதால், பிரிவு எண்கள் பழையவை அல்ல. பழைய ரசீதுப் புத்தகத்தை அப்படியே மறு அச்சுப் போட வேண்டாம். நன்கொடையாளரின் பெயர், முகவரி, பான் எண் ஆகிய மூன்றையும் பணம் பெறும்போதே எழுதி வாங்குங்கள். எங்கள் முதல் ஆண்டில் பான் எண்ணைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, நிதியாண்டு முடிந்து மே 31-க்குள் நன்கொடையாளர் விவரத்தை வருமான வரித்துறைக்குத் தாக்கல் செய்ய வேண்டியிருந்தபோது எண்பது பேரை ஒவ்வொருவராகத் தொலைபேசியில் துரத்தினோம்.

மாலை நிகழ்ச்சியின் நுழைவுச்சீட்டு நன்கொடை ஆகாது. விருந்தும் கச்சேரியும் கொடுத்து வாங்கும் பணம் அவற்றுக்கான விலை. ஆகவே சீட்டு விலையைச் செலவை ஈடுகட்டும் அளவில் தனியாக வைத்து, நன்கொடைக்குத் தனி ரசீது கொடுப்பது இரு தரப்புக்கும் தெளிவு. சீட்டுக்கு ஜிஎஸ்டி உண்டா என்பதையும் அதே ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

கேட்கும் மூன்று மாதங்கள்

நன்கொடையாளர்களை நான்கு வகையாகப் பிரித்துக்கொள்ளலாம். ஊரில் இருக்கும் தனிநபர்கள், நிறுவனங்கள், வெளிநாட்டில் இருக்கும் முன்னாள் மாணவர்கள், சிறு தொகை கொடுக்க விரும்பும் பலர்.

தனிநபர்களை நேரில் பாருங்கள். அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் கடை வைத்திருக்கும் பெரியவரிடம் வாட்ஸப்பில் அழைப்பிதழ் அனுப்பிவிட்டுக் காத்திருப்பது அவருக்கும் மரியாதை அல்ல, மாணவருக்கும் நன்மை அல்ல. கடை ஓய்ந்திருக்கும் பிற்பகலில் போய், பட்டியலைக் கையில் கொடுத்துக் கேட்க வேண்டும். தொலைபேசியில்தான் பேச முடியும் என்றால், எங்கள் குழுவில் இதில் தேர்ந்த ஒருவர் பேசும் முறை இது: “சார், வணக்கம். அச்சுக்கலைப் பிரிவில் பன்னிரண்டு பேர் படிக்கிறார்கள். தாளுக்கும் மைக்கும் தகட்டுக்கும் ஆளுக்கு வருஷத்துக்கு ₹12,000 ஆகிறது. இரண்டு பேர் செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ள முடியுமா?” கேட்டுவிட்டு அவர் பேசாமல் இருப்பார். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் நாமே “முடிந்ததைக் கொடுங்கள் சார், பரவாயில்லை” என்று சொல்லிவிடுவதுதான் இந்த வேலையில் புதியவர்கள் செய்யும் பெரிய பிழை. எதிரில் இருப்பவர் யோசித்துக்கொண்டிருக்கிறார்; அவரை யோசிக்க விடுங்கள்.

நிறுவனங்களிடம் இரண்டு பைகள் உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளக்கூடாது. நிறுவனச் சட்டம் 2013-இன் 135-ஆம் பிரிவின்படி, சட்டம் சொல்லும் அளவைத் தொடும் பெரிய நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். கல்வியும் மரபுக் கலை வளர்ச்சியும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் நிறுவனத்தின் பெயர்ப்பலகை மேடையில் இருப்பதற்காகக் கொடுக்கும் ஸ்பான்சர் பணம் விளம்பரம். அது இந்தக் கணக்கில் சேராது. ஆகவே மாணவர் உதவித்தொகைக்குச் சமூகப் பொறுப்புப் பிரிவை அணுகி, ஓராண்டுத் திட்டமாக எழுதிக் கொடுங்கள். அரங்க வாடகைக்கும் உணவுக்கும் விற்பனைப் பிரிவை அணுகுங்கள். முதல் வகைப் பணத்தைப் பெறும் அமைப்பு மத்திய அரசின் நிறுவன விவகார அமைச்சகத்தில் முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும் என்பதால், இதை ஆறு மாதத்துக்கு முன்பே தொடங்க வேண்டும்.

வெளிநாட்டு முன்னாள் மாணவர்கள் விஷயத்தில் அன்பு அவசரப்படுத்தும். சட்டம் பொறுக்கச் சொல்லும். இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டவரே. அந்தச் சட்டத்தின்கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாத சங்கமோ அறக்கட்டளையோ அவரிடமிருந்து பணம் வாங்கக்கூடாது. பதிவு இருந்தாலும் அது டெல்லி சன்சத் மார்க்கில் உள்ள பாரத ஸ்டேட் வங்கிப் பிரதானக் கிளைக் கணக்கில்தான் முதலில் வர வேண்டும். நெருங்கிய நண்பராகவே இருந்தாலும் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்று கேட்டுவிட்டே கணக்கு எண்ணைக் கொடுங்கள்.

சிறு தொகைக்காரர்களுக்கு ஒரு கியூஆர் அட்டை போதும். அவர்களுடைய பெயரும் நன்றிப் பட்டியலில் அதே எழுத்தளவில் வரட்டும்.

நாளும் இடமும்

மார்கழியில் சங்கீத ரசிகர்கள் பாதிப்பேர் சென்னையில் இருப்பார்கள். ஜனவரித் தொடக்கத்தில் குமாரகிருபா சாலையில் சித்ரகலா பரிஷத் என்ற கலை நிறுவனம் நடத்தும் ஓவிய விற்பனை விழாவான சித்திரச் சந்தை. ஓவிய மாணவர்கள் அதற்காகவே உழைத்துக்கொண்டிருப்பார்கள். ராமநவமியை ஒட்டி, 1939 முதல் நடந்துவரும் சாமராஜப்பேட்டை இசை விழா வாரக்கணக்கில் நீளும். அதன் பிறகு தேர்வுகள். இவற்றையெல்லாம் கழித்தால் பிப்ரவரியின் நடுவில் ஒரு சனிக்கிழமை எஞ்சும். மழையும் இல்லை, நிதியாண்டு முடியும் நேரம் என்பதால் நிறுவனங்களிலும் முடிவு விரைவாகக் கிடைக்கும்.

சௌடையா அரங்கம் அழகானது, பெருமைக்குரியது. ஆனால் வயலின் வடிவில் அமைந்த அந்தக் கூடத்தின் சுமார் ஆயிரம் இருக்கைகளில் இருநூறு பேர் உட்கார்ந்தால் நிகழ்ச்சி தோற்றுவிட்டதாகவே தோன்றும். அல்சூர் ஏரிப் பக்கம் தமிழ்ச் சங்கம், கே.ஆர். சாலையில் காயன சமாஜம், அல்லது பல்கலைக்கழகத்தின் சொந்தக் கூடம் ஆகியவற்றை முதலில் பாருங்கள். கண்காட்சிக்குத் தனி அறை இருக்கிறதா, சுவரில் ஆணி அடிக்க விடுவார்களா, வீல்சேர் ஏறச் சாய்தளம் உண்டா என்பவை இருக்கை எண்ணிக்கையைவிட முக்கியம். ஊதா வழித்தட மெட்ரோ 2023 அக்டோபரில் ஒயிட்ஃபீல்டு வரை முழுமையாக ஓடத் தொடங்கிய பிறகு, அல்சூர் போன்ற இடங்களுக்குக் கிழக்குப் பகுதி விருந்தினர்கள் காரில்லாமலே வந்துவிடுகிறார்கள். அழைப்பிதழில் நிலையத்தின் பெயரைக் குறிப்பிடுங்கள். திறந்தவெளியில் நடத்தினால் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்கு அனுமதி இல்லை.

அழைப்பிதழ் கன்னடம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் இருக்கட்டும், கன்னடம் முதலில். வாழும் ஊருக்குச் செய்யும் மரியாதை என்பதோடு, உதவி பெறும் மாணவர்களில் பெரும்பாலோர் கன்னடம் பேசுபவர்கள் என்பதும் காரணம். தெருவில் ஃபிளெக்ஸ் கட்டுவதற்கு நகரில் தடை உண்டு. வளாகத்துக்குள் தொங்கவிடக் காடாத் துணியில் மாணவர்களையே எழுதச் சொல்லுங்கள். எங்கள் முகப்புத் துணியை மூன்றாம் ஆண்டும் மடித்து வைத்துப் பயன்படுத்துகிறோம்.

செலவைப் பொறுத்தவரை நூறு ரூபாய் வந்தால் எண்பதாவது மாணவருக்குப் போக வேண்டும் என்பது நாங்கள் வைத்துக்கொண்ட வரம்பு. எடுத்துக்காட்டாக, ₹15 லட்சம் இலக்கு என்றால் மொத்தச் செலவு ₹3 லட்சத்தைத் தாண்டக்கூடாது. இருநூறு பேருக்குத் தலைக்கு ₹900 உணவு என்றாலே ₹1,80,000 போய்விடும். மீதியில் கூடம், ஒலி, அச்சு எல்லாம் அடங்க வேண்டும். செலவு முழுவதையும் ஒரு ஸ்பான்சர் ஏற்றுக்கொண்டால், “நீங்கள் கொடுத்தது முழுதும் மாணவருக்கே” என்று உண்மையாகச் சொல்லலாம். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே ஸ்பான்சரைத் தேடலாம்.

அந்த மாலை

ஐந்தரைக்குக் காபியோடு கண்காட்சி திறக்கட்டும், ஆறரைக்கு மேடை, எட்டு மணிக்கு இலை போட வேண்டும். மேடை நிகழ்ச்சி 75 நிமிடத்தைத் தாண்டினால் பின்வரிசைகள் பந்தி நோக்கி நகரத் தொடங்கும். பேச்சு மொத்தம் பத்து நிமிடம், யார் வந்தாலும். திரட்டிய தொகையை முதல் ஐந்து நிமிடத்திலேயே அறிவித்துவிடுங்கள். கேட்கவேண்டிய பதற்றம் எல்லோர் மனத்திலிருந்தும் இறங்கி, பிறகு கலையைக் காண்பார்கள்.

கண்காட்சி அறையில் படங்களை மாட்டினால் மட்டும் போதாது; வேலை நடப்பதைக் காட்டுங்கள். அச்சுக்கலை மாணவர்கள் ஒரு சிறிய கைப்பிரஸ்ஸைக் கொண்டுவந்து மேசையில் பொருத்தினார்கள். கண்ணாடிப் பலகையில் மையை ஊற்றி ரப்பர் உருளையால் முன்னும் பின்னும் உருட்ட, மை சரியாகப் பரவியதும் உருளையின் ஓசை மாறுவதை ஒரு மாணவர் வந்தவர்களுக்குக் கேட்கச் சொல்லிக் காட்டினார். இடவலம் மாற்றிச் செதுக்கியிருந்த லினோ (லினோலியம்) பலகையில் மை தடவி, தாளை வைத்து, சக்கரத்தை விருந்தினரையே சுற்றச் சொன்னார்கள். எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் தாளின் ஓரத்தைப் பிடித்து மெல்ல உரித்தெடுத்தபோது, அல்சூர் ஏரியும் படித்துறையும் நேராகித் தாளில் வந்தன. மாணவர் அடியில் பென்சிலால் இடப்பக்கம், முப்பது பிரதிகளில் ஏழாவது என்பதற்கு 7/30 என்று எண்ணிட்டு, வலப்பக்கம் கையெழுத்திட்டுக் கொடுத்தார். பெரியவர் அதை உணவு முடியும்வரை கீழே வைக்கவில்லை. அடுத்த ஆண்டு அந்தப் பிரிவின் மை, தாள் செலவை அவரே ஏற்றுக்கொண்டார்.

இதற்கு நேரெதிரான ஒன்றையும் நான் செய்திருக்கிறேன். முதல் ஆண்டு, தந்தையை இழந்த ஒரு மாணவரை மேடையேற்றி வீட்டு நிலைமையைச் சொல்லச் சொன்னோம். இரண்டு வாக்கியம் சொன்னார்; பிறகு மைக்கைப் பார்த்தபடி நின்றார். அரங்கில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், உறைகளும் கூடுதலாக வந்தன. அவர் அன்று நாதஸ்வரத்தில் வாசிக்கவிருந்த ராகத்தை வாசிக்காமலே போய்விட்டார். அதன் பிறகு எந்த மாணவரின் குடும்ப நிலையும் மேடையிலோ மலரிலோ வராது என்பதை எழுதப்பட்ட விதியாக வைத்திருக்கிறோம். அறிமுகத்தில் பெயர், கலை, ஆசிரியர், வழங்கப்போகும் உருப்படி ஆகியவை மட்டும். உதவி பெறுபவர் யார், பெறாதவர் யார் என்று பார்வையாளருக்குத் தெரியவே கூடாது. இரு தரப்பினரையும் கலந்தே மேடையேற்றுங்கள். வாசிப்பவர்களுக்கும் ஆடுபவர்களுக்கும் சிறிதாயினும் சன்மானம் கொடுங்கள்.

சீட்டு விற்று நடத்தும் நிகழ்ச்சியில் பாடல்களின் உரிமையையும் கவனிக்க வேண்டும். ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு வரை காப்புரிமை உண்டு. தியாகராஜர், தீட்சிதர், புரந்தரதாசர், பாரதியார் ஆகியோரின் பாடல்களுக்குத் தடையில்லை; 1973-இல் மறைந்த பாபநாசம் சிவனின் கீர்த்தனைகளுக்கும் திரைப்பாடல்களுக்கும் உரிமம் பற்றி முன்கூட்டியே விசாரியுங்கள்.

ஏலம் விடுவதானால் எட்டுப் படைப்புகளுக்கு மேல் வேண்டாம். குறைந்தபட்ச விலையை மாணவரே சொல்லட்டும். சித்திரச் சந்தையில் தாம் விற்கும் விலைக்குக் கீழே அது இருக்கக்கூடாது, இல்லாவிட்டால் நல்ல காரியத்தின் பெயரால் அவருடைய சந்தையை நாமே கெடுத்தவர்கள் ஆவோம். விலையில் எவ்வளவு மாணவருக்கு, எவ்வளவு நிதிக்கு என்பதை முன்பே எழுதிக் கையெழுத்திடுங்கள். நாங்கள் பாதிக்குப் பாதி வைத்திருக்கிறோம். ஓர் ஆண்டு ஏலத்தில் உற்சாகமாகக் கை உயர்த்திய நால்வர் பிறகு தொலைபேசியை எடுக்கவில்லை. இப்போது பெயரும் எண்ணும் பதிந்தவர்களுக்கே ஏல அட்டை. பணம் வந்த பிறகே படம் சுவரிலிருந்து இறங்கும். படத்தை வாங்குபவருக்குப் படம் சொந்தம், அதை அச்சிடும் உரிமை எழுதிக் கொடுக்காதவரை ஓவியருக்கே சொந்தம் என்பதையும் விற்பனைச் சீட்டில் ஒரு வரியாகச் சேருங்கள். நிறுவனங்கள் நாட்காட்டியில் போட்டுவிடுவதுண்டு.

மறுநாள் முதல்

ஒரு வாரத்துக்குள் ரசீதும் கைப்பட எழுதிய நன்றிக் கடிதமும் போய்ச் சேர வேண்டும். ஒரு மாதத்துக்குள் வரவு செலவுக் கணக்கு, ஆட்டோ வாடகை வரை, எல்லா நன்கொடையாளருக்கும். உதவித்தொகையைப் புதிய கல்வியாண்டு தொடங்கும் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள். நவம்பரில் வரும் பணத்தால் ஜூலையில் கேன்வாஸ் வாங்க முடியாது. பொருளாகக் கொடுப்பதைவிடப் பணமாகக் கொடுத்து ரசீது கேட்பது நல்லது, ஏனெனில் எந்தத் தூரிகை வேண்டும் என்பது மாணவருக்குத்தான் தெரியும்.

ஆகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை காலை, வகுப்பு நடக்கும் நேரத்தில், நன்கொடையாளர்களைத் துறைக்கு அழையுங்கள். மாலையும் சால்வையும் வேண்டாம், காபி போதும். மாணவர்கள் தம் வேலையைச் செய்துகொண்டிருக்கட்டும். வருபவர்கள் சுற்றி நடக்கட்டும். மண் நிறங்களில் வரைந்துகொண்டிருந்த அந்த மாணவி முதுகலையில் சேர்ந்த பிறகு நடந்த அத்தகைய ஒரு காலையில், அவருடைய சுவரில் ஆறடிக் கேன்வாஸ் ஒன்று சாய்ந்திருந்தது. மேலிருந்து கீழ்வரை சிவப்பு.